கண்ணாடிமேல் ஒட்டிய பொட்டு

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தால் தம்பியின் லீவுகள் அடுக்கி இருக்கும். முதல் லீவில் கொண்டுவந்த, விரல் நீளமே உள்ள பாட்டுப்பெட்டி. அடுத்த லீவில் ஒரு போன். அதற்கடுத்த லீவில் அதைவிட அகலமாக ஒன்று. பிறகு உள்ளங்கையில் அடங்காத இன்னொன்று. எல்லாவற்றுக்கும் வயர், எல்லா வயருக்கும் ஒரு வாய், ஒன்றின் வாய் இன்னொன்றில் ஏறாது. மழைக்காலத்து மண்புழுக்களைப் போல அவை பின்னிக் கிடக்கும். எது எதனுடையது என்று எனக்கே தெரியாது. ஆனால் இந்த வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான்.

தம்பி வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். நான் அவனுக்கு மூத்தவள், கட்டிக்கொடுக்கப்படாமல் நின்றுபோனவள். அப்பா போனபிறகு பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்த வீட்டில் அம்மாவும் நானும். பகலெல்லாம் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். அடுத்தவர்களின் வேலித் தகராறுகளும் விவாகரத்துகளும் மலையாள எழுத்தாக என் விரல் வழியே திரையில் ஏறும். சாயங்காலம் ரயிலில் ஏறினால் பெட்டி முழுக்கத் தலை குனிந்த ஜனம். ஒவ்வொரு முகத்திலும் கீழிருந்து ஒரு நீல வெளிச்சம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எனக்கு அது ஒரு விதத்தில் நிம்மதிதான். கண்ணை மூடிக்கொண்டு, பாறசாலை வரும்வரை, ஒன்றையும் பார்க்காமல் இருக்கலாம். பார்ப்பது ஒரு வேலை என்று என் வயதில்தான் தெரிகிறது. சும்மா கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்கே உடம்பு கூலி கேட்கிறது.

முதலில் வந்த அந்தப் பாட்டுப்பெட்டிதான் அம்மாவுக்குப் பிடித்தது. பக்திப் பாட்டுகளை அடைத்து, காதில் வைக்கச் சொருகிகளும் தந்துவிட்டுப் போனான். அதில் சின்னச் சின்னப் பொத்தான்கள் உண்டு. ஒன்று நடுவில், குழியாக. ஒன்று மேலே, முனையாக. ஓரத்தில் தள்ளுகிற தாழ்ப்பாள் ஒன்று. சாணிக் குழியோரம் தென்னையோலை வெட்டும்போதும், அடுப்படியில் தேங்காய் திருவும்போதும் அம்மா அதை ரவிக்கைக்குள் வைத்திருப்பாள். பாட்டு மாற்றவேண்டுமென்றால் துணிக்கு மேலேயே அமுக்குவாள். பார்க்கவே மாட்டாள். அது ஒருநாள் வயிறு வீங்கிச் செத்தது. பாறசாலைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதின்டெ பார்ட்ஸ் இனி கிட்டில்ல சேச்சி, ஒரு புதிய போன் எடுக்கு, பாட்டும் கேட்காம், படமும் காணாம்" என்றான். போனில் பாட்டும் கேட்கலாமாம், படமும் பார்க்கலாமாம். பொத்தான் வைத்த சாதனங்களின் காலம் அந்த மேஜையில் முடிந்தது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. வெயிலாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது.

அதன்பிறகு வந்ததெல்லாம் கண்ணாடி.

தினமும் விளக்கு வைத்தபிறகு, ஏழு மணியை ஒட்டி, தம்பி வீடியோவில் கூப்பிடுவான். முதல் போனில் அம்மா அவனைப் பார்த்து, "முகம் தெளியல்லையே மக்கா" என்றாள். அவன் அடுத்த லீவில் பெரிய போன் கொண்டுவந்தான். அதிலும், "இதும் தெளியல்லை கேட்டியா, மஞ்சு விழுந்த மாதிரி இருக்கு." அவன் இன்னும் பெரியது வாங்கினான். நெட் சரியில்லை என்றான், கேமரா சரியில்லை என்றான், நம்ம ஊர் டவரே சரியில்லை, தமிழ்நாட்டு டவரும் கேரளா டவரும் சண்டை போடுது என்றான். கடைசி லீவில் டாப் என்கிற டேப்லெட் வந்தது. சின்னப் பிள்ளைகளின் சிலேட்டைப் போல அகலம். அதைச் சாப்பாட்டு மேஜையில் சீனி டின்னுக்குச் சாய்த்து நிறுத்தி, திண்ணையிலிருந்து தன் போனில் கூப்பிட்டு, "இப்போ பாரும்மா, எனக்க மூக்குல உள்ள மறு வரைக்கும் தெரியும்" என்றான்.

அம்மா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொள்ளாம்" என்றாள். "நல்லா தெளிச்சம் உண்டு."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். ஒரு வழியாக ஜெயித்துவிட்டவனின் சந்தோஷம். அவன் திரும்பிப் போனபிறகு அம்மா அந்த டாபைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்கலாம். ஆனால் வேலை விட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒரு குறை குறைந்தால் அது ஏன் குறைந்தது என்று கேட்கத் தோன்றாது.

பொட்டைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாபைத் துடைக்க எடுத்தேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில், நடுவில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. வெல்வெட் பொட்டு. விரலில் தட்டியது. அப்பா இருந்தபோது அம்மா வைத்துக்கொண்டிருந்த அளவு. அந்த அட்டை இன்னும் கண்ணாடி மேஜையின் இழுப்பறையில் கிடக்கிறது, தூக்கிப்போட யாருக்கும் மனம் வராமல்.

"இது யாரு ஒட்டினது?" என்றேன்.

கேட்டது அம்மாவிடம். பதில் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. அன்று சர்ச்சிலிருந்து வந்த வெள்ளைச் சேலையோடு எங்கள் அடுப்படியில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

"நானாக்கும் ஒட்டினேன்" என்றாள். "எங்க வீட்டுல மூணு தலைமுறையா ஒருத்தியும் நெத்தியில பொட்டு வச்சதில்லை. எனக்க நெத்தியில வைக்காத பொட்டை உங்க டாபுக்கு வச்சு விட்டேன். பாதிரியார் கேட்டா என்ன சொல்லியதோ!"

"எதுக்கு?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். சாயாவை ஊதினாள். "பச்சை வட்டம் இருக்குல்லா, போன் கால் வரும்போ வருமே, அதுக்கு நேரே கீழ. பொட்டைத் தொட்டு, கொஞ்சம் மேல கையை வச்சு, மேலோட்டு இழுத்தா போரும். நீ வர நேரமானா அம்மைக்குக் கால் எடுக்கணுமே."

"பாத்து எடுக்கலாமே" என்றேன்.

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம். அம்மாவின் கை மேஜையில் தடவி, என் கையைத் தாண்டி, சீனி டின்னைத் தொட்டு, திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தச் சின்னப் பயணத்தை நான் முழுக்கப் பார்த்தேன்.

நகரத்துக் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசு. கண்ணுக்குள் பிரஷர் என்றார். ஒரு கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது, மற்றதில் நிழல் தெரியும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆபரேஷனால் திரும்பி வருகிற சமாச்சாரம் இல்லை. "போயது போயி. உள்ளது நோக்காம்" என்று, இருப்பதையாவது காக்கச் சொட்டு மருந்து எழுதினார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எப்போதும் ஜன்னலோரம்தான் கேட்பாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்கு அன்றுதான் யோசனை.

"அவன்கிட்ட சொல்லப்பிடாது" என்றாள்.

"எப்படி சொல்லாம இருக்க?"

"நீ சொல்லாம இருந்தா சொல்லாம இருக்கலாம்." பஸ் ஒரு வளைவில் திரும்பியது. "அப்பா படுத்தப்போ அவன் என்ன செஞ்சான்? லீவு தரல்லைன்னு வேலையை எறிஞ்சிட்டு வந்தான். பிறகு எத்தனை நாளு இங்க மரவள்ளிக்கெழங்கு பிடுங்கிட்டு நின்னான், நீ கண்டல்லா. சவம், மறுபடி ஒரு விசா கிட்ட அவன் பட்ட பாடு. இனி எனக்க கண்ணுக்காக வரண்டாம். அந்தக் காண்ட்ராக்ட் முடிஞ்சு தன்னால வரட்டும்."

அதுதான் அவளுக்கு இருந்த ஒரே காரியம். தன் கண் அல்ல. மகன் தன்னால் வருவதும், ஓடி வருவதும் ஒன்றல்ல என்பது.

அதிலிருந்து ஏழு மணி எனக்கு இரண்டாவது டியூட்டி. ரயிலைவிட்டு இறங்கி, ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் நடை. கால் கழுவி, விளக்கேற்றி, அம்மாவை மேஜை முன்னால் சரியான இடத்தில் உட்காரவைக்க வேண்டும். டாபின் மேல்விளிம்பில் கேமரா. அதை நோக்கி அவள் முகம் இருக்கவேண்டும். பொட்டிலிருந்து ஒரு சாண் மேலே என்று அவளுக்கு ஒரு கணக்கு. அவன் வந்ததும் நான் முந்திக்கொண்டு சத்தமாகப் பேசுவேன்.

"என்னலே தாடி, காடு மாதிரி!"

உடனே அம்மா: "ஆமா மக்கா, அதை எடு. ஒனக்க அப்பனுக்கும் தாடி சேராது."

"எலே, முடியை இப்படியா வெட்டுவ? பூனை நக்கின மாதிரி இருக்கே."

"நானும் அதையாக்கும் சொல்லணும்னு நெனச்சேன்."

நான் பார்த்து, அவள் பார்த்ததாகி, அவன் பார்க்கப்பட்டவனானான். பகலெல்லாம் பிறர் வாய்ச்சொல்லை டைப் அடித்தவள், ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் தம்பியின் முகத்தை அம்மாவுக்கு வாசித்துக்கொடுத்தேன். வாசிப்பது கஷ்டம் இல்லை. வாசிக்கிற மாதிரி காட்டாமல் வாசிப்பதுதான் கஷ்டம். சில நாள் எனக்குச் சொல்லவே ஒன்றும் இருக்காது. நேற்றைய அதே முகம், அதே சுவர், அதே இரும்புக் கட்டில். என்ன சொல்ல? "நல்லா இருக்கான்" என்பேன், கேட்காத ஒருவருக்குச் சொல்வதைப் போல. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்பாள்.

ஒருநாள் பிசகியது. அவனுக்குப் பின்னால் மங்கலாக ஒரு உருவம். நான் அவசரப்பட்டு, "பின்னால யாருலே நிக்குது?" என்றேன்.

"கூட வேலை பாக்கிற பிள்ளையாயிருக்கும். அதுக்கும் ஒரு சாயா குடு மக்கா" என்றாள் அம்மா.

தம்பி திரும்பிப் பார்த்தான். "அம்மா, அது ஆளில்லை. தொங்கப்போட்ட கோட்டு."

"கோட்டா இருந்தா என்ன, ஆளு மாதிரி நிக்கே" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் பிந்தி. அந்தப் பிந்துதல் நெட் பிரச்சினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சாயங்காலம். வழியில் எங்கேயோ சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிட்டது. பெட்டி முழுக்க நீல முகங்கள், ஒருவரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். நான் வருமுன்னே அவன் கூப்பிடுவான். பொட்டைத் தொட்டு அம்மா எடுப்பாள். எடுப்பதுவரை அவளுக்குத் தெரியும். எடுத்தபிறகு அவன் முகத்தைச் சொல்லித்தர யார்?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்பியின் குரல் கேட்டது.

"அம்மா, இன்னைக்கு புதுச் சட்டை போட்டிருக்கேன். எப்படி இருக்கு?"

"கொள்ளாம் மக்கா" என்றாள் அம்மா, முகத்தைப் பொட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்துக்கொண்டு. "இந்த நெறம் ஒனக்கு நல்லா சேரும். கழுத்துதான் கொஞ்சம் லூசு மாதிரி."

நான் உள்ளே வந்து டாபைப் பார்த்தேன். அதில் சட்டை இல்லை. கழுத்து இல்லை. முகமே இல்லை. முழுக்கக் கறுப்பு. கறுப்பின் ஓரத்தில் மட்டும் தோல் நிறத்தில் ஒரு சிவப்பு, விளக்கொளியைப் பொத்திய கையில் தெரிகிற அந்தச் சிவப்பு.

பிறகு தம்பி, "ஆமாம்மா, கழுத்து லூசுதான்" என்றான். "நாளைக்கு கூப்பிடுகேன்." வைத்துவிட்டான்.

"பாத்தியா" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள், வெற்றியோடு. "நீ இல்லாட்டியும் நான் சமாளிப்பேனாக்கும்."

நான் கால் கழுவப் போனேன்.

மறுநாள் மதியம், ஆபீஸ் வராந்தாவில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்திருந்தபோது என் போனுக்குக் கூப்பிட்டான். வீடியோ இல்லை. வெறும் குரல்.

"எக்கா, நேத்து நான் கேமராவை விரலால பொத்தி வச்சிருந்தேன்."

"கண்டேன்."

"அந்தக் கோட்டு நாள்லேருந்து எனக்கு ஒரு இது. அம்மை நீ சொல்லியதைத்தான் திருப்பிச் சொல்லுகா. நீ மிண்டாம இருந்தா அவளும் மிண்டமாட்டா." ஒரு கதவைச் சாத்தும் சத்தம். "எப்பத்துலேருந்து?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு ஓணம் ஆச்சு. அவளுக்குத் தெரிஞ்சு எப்பத்துலேருந்தோ."

"நான் பெருசு பெருசா வாங்கிட்டே இருந்தேனே எக்கா." சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "அடுத்த லீவுக்கு சுவருல மாட்டுக டிவி கொண்டு வந்திருப்பேன்."

சோற்றில் ஒரு ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை.

"நான் வாறேன்" என்றான். "லீவு சொல்லிட்டு இல்லை, வேலையை விட்டுட்டு வாறேன்."

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வா என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. வந்து இந்த மேஜை முன்னால் நீ உட்கார், நீ ரயிலுக்கு ஓடு, நீ சொட்டு மருந்து ஊற்று, நான் ஏழு மணிக்கு எங்கேயாவது போய்க் காலை நீட்டுகிறேன் என்று சொல்ல வந்தது. ஆனால் பஸ் ஜன்னலோரம் ஒன்றையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அவளுடைய முகம் முன்னால் நின்றது.

"நீ வந்தா கண்ணு வருமாலே?" என்றேன்.

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. நீ அவளுக்காக வேலையை எறியப்பிடாது. அதை மட்டும் கெடுக்காதே. வேற என்னமும் செய். எனக்கும் கழியல்லைலே, தளந்து போனேன். தினம் ஏழு மணிக்கு நான் வேண்டாத மாதிரி என்னமாவது செய்."

"செய்யுகேன்" என்றான். என்ன செய்வான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு மேஜைக்குப் போனேன். யாரோ ஒருவருடைய கிணற்று வழி வழக்கு. பாதியில் நின்றிருந்தது.

அன்று முதல் அவன் மாறினான். கூப்பிட்டதும் அவனே தொடங்குவான். "அம்மா, தாடி எடுத்துட்டேன். இன்னைக்கு பச்சை பனியன். கட்டிலை ஜன்னல் பக்கம் மாத்திப் போட்டிருக்கேன், பின்னால ஒரு ஒட்டகம் படம் போட்ட காலண்டர், ஒட்டகத்துக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரே மூஞ்சி." எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நான் அம்மாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே கேட்டேன். அம்மா சிரித்தாள். ஆனால் கால் முடிந்தபிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு யோசனையாக இருந்தாள்.

"இவன் எதுக்கு இவ்வளவு வாயாடுகான்?" என்றாள் ஒருநாள். "சின்னதுல ஒரு வார்த்தை பிடுங்க ஒரு மணிக்கூர் ஆவும்."

"பொழுது போவாண்டாமா" என்றேன்.

அவள் என் குரல் வந்த பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

மழை தொடங்கின சமயம். அவனோடு வேலை பார்க்கிற ஒருவர் லீவில் வந்திருக்கிறார், பொதி கொடுத்துவிட்டிருக்கிறேன் என்றான். அவர் வீடு பெருங்கடவிளைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போய் வாங்கிவந்தேன். பால்பொடி, தைலம், ஈச்சம்பழம். அடியில் கைக்குட்டையில் சுருட்டிய ஒரு சின்னப் பெட்டி. இவ்வளவு சின்னதாக அவன் எதையும் கொடுத்துவிட்டதில்லை. பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை வெளியே மழையைப் பார்த்தேன்.

அம்மாவின் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பெட்டியைத் தடவினாள். திறந்தாள். கட்டைவிரலால் உள்ளே இருந்த தடித்த போனின் முதுகை, விளிம்பை, பிறகு முகத்தை. திரை சின்னதுதான், ஒரு தபால்தலை அளவு. அதன் கீழே பொத்தான்கள். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். விரல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி ஏறியது. வரிசையாகப் போனது, திரும்பி வந்தது. நடுப் பொத்தானில் நின்றது. மறுபடி தொட்டது. அஞ்சாம் எண்ணின்மேல், எல்லா பட்டன் போனிலும் இருக்கும் அந்தச் சின்னப் புடைப்பு.

"இஞ்ச ஒரு பொட்டு உண்டு" என்றாள்.

"ஆமா."

"இதுல கம்பெனிக்காரனே பொட்டு வச்சு விட்டிருக்கான்."

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் குடையை மடக்கிக்கொண்டு, "அப்போ எனக்க வேலை போச்சா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மெல்ல உள்ளே வந்து அம்மா பக்கத்தில் நின்றாள்.

அம்மா போனை மடியில் வைத்தாள். அப்பா காலத்துப் பொட்டு ஒட்டிய டாப் சீனி டின்னுக்குச் சாய்ந்து, கறுத்த முகத்தோடு எதிரே நின்றது.

"அவனுக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வரல்லை?"

"வரல்லை. வாறேன்னு சொன்னான். நான் வரண்டாம்னேன்."

அவள் மடியிலிருந்த போனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோபமா, ஆறுதலா என்று முகத்தில் எனக்குத் தெரியவில்லை. ஒரு முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் இருப்பது எப்படி என்று அன்று எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அவள் கை எழும்பி, என் தலை எங்கே என்று தேடி, காதில் இடித்து, முடியில் நின்றது.

"மெலிஞ்சு போனியே பிள்ளே" என்றாள்.

டாபிலிருந்த சிம்மை அதில் மாற்றிப் போட்டேன்; ஏழு மணிக்கு அந்தச் சின்னப் போன் மணியடித்தது. கிழட்டு மணிச் சத்தம், வீடு முழுக்க. நெட் இல்லாத அழைப்பு. அவனுக்குக் காசு ஆகும், அதனால் இனி தினமும் வராது, வந்தாலும் சுருக்கமாகத்தான் வரும். அம்மாவின் விரல் இடது ஓரத்துப் பொத்தானை ஒரே தொடலில் கண்டுபிடித்தது. போனைக் காதோடு சேர்த்தாள். மேஜைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் சாய்ந்தாள். காலை நீட்டினாள்.

"ஆங், கிட்டிச்சு... கொள்ளாம்... பொட்டு வச்ச போனாக்கும்." கேட்டாள். மழைச் சத்தத்துக்குள் அவன் குரல் கொசுவைப் போல எனக்குக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. "வரண்டாம். எனக்கு ஒண்ணும் இல்லை. அந்தக் காண்ட்ராக்ட் முடிச்சிட்டு தன்னால வா... இல்லை மக்கா, கரையல்லை, அழுகை ஒண்ணும் இல்லை. ஜலதோஷம்."

முகத்தை எங்கும் பிடித்துக்காட்டத் தேவையில்லாமல், இத்தனை காலத்தில் முதல் தடவையாக, அவனோடு பேசும்போது அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

நான் செருப்பையும் கழற்றாமல் பெஞ்சில் சாய்ந்தேன். நானும் மூடிக்கொண்டேன்.